ராம்னியின் வரித் திட்டத்தையும் பேசுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிடும் மிட் ராம்னியின் வெளிநாட்டுப் பயணம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லண்டன் ஒலிம்பிக் ஏற்பாடுகளை அவர் குறை சொன்னது, பிரிட்டன் பிரதமர் கேமரூனும் லண்டன் மேயர் போரிஸ் ஜான்சனும் பதிலடி கொடுத்தது, போலந்தின் வார்சாவில் ராம்னியின் உதவியாளர் நிருபர்களைத் திட்டியது என்று எல்லாம் விரிவாக இருந்தது. நவம்பரில் ஓட்டுப் போடப்போகும் எங்களைப் போன்றவர்களின் பணத்தைத் தொடும் வரித் திட்டம் பற்றி மட்டும் ஒரு பத்திகூட இல்லை.

லண்டன் பேச்சை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒலிம்பிக் காவலுக்கு ஆள் போதாமல் ராணுவத்தைக் கூப்பிட்டது உண்மைதானே. விருந்தாளியாகப் போன இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம், அவ்வளவுதான். ஜெருசலேம் பேச்சு அப்படிப்பட்டதல்ல. நன்கொடையாளர்கள் நடுவே இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் தலா வருமானத்தை ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குப் பண்பாடுதான் காரணம் என்றார். 21,000 டாலர், 10,000 டாலர் என்று அவர் சொன்ன எண்களே தவறு. உண்மையான இடைவெளி பல மடங்கு பெரியது. இஸ்ரேலின் சோதனைச் சாவடிகளையும் காசா முற்றுகையையும் விட்டுவிட்டு இதை எப்படிப் பேச முடியும்?

பணம் இருப்பவனிடம் ஏதோ உயர்ந்த குணம் இருக்கிறது என்ற அதே எண்ணம்தான் வரித் திட்டத்திலும் தெரிகிறது. எல்லா வருமான வரி விகிதங்களிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைப்பாராம். உச்ச விகிதம் 35 சதவீதத்திலிருந்து 28 ஆகும். பெரும் சொத்துகளை வாரிசுகளுக்கு விட்டுச் செல்லும்போது விதிக்கும் வரி அடியோடு போகும். ஆனால் அரசின் வருவாய் குறையாதாம், வரிச் சலுகைகளை நீக்கி ஈடுகட்டுவாராம். எந்தச் சலுகைகளை? அதைச் சொல்ல மறுக்கிறார்.

வரிக் கொள்கை மையம் (Tax Policy Center) என்ற ஆய்வு அமைப்பு ஆகஸ்ட் 1 அன்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது. முடிந்தவரை பணக்காரர்களின் சலுகைகளையே முதலில் வெட்டினாலும், ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவருக்குச் சராசரியாக 87,000 டாலர் மிச்சம். 2 லட்சத்துக்குள் சம்பாதிக்கும், குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 2,000 டாலர் கூடுதல் சுமை. ஆய்வாளர்களில் ஒருவர் ஒபாமாவிடம் வேலை பார்த்தவர் என்று ராம்னி தரப்பு தள்ளிவிடுகிறது. இன்னொருவர் ராம்னியின் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் மூத்த புஷ்ஷிடம் வேலை பார்த்தவர், அதையும் சொல்ல வேண்டாமா?

நியூஜெர்சியில் வீட்டுக்கடன் வட்டியும் வீட்டுவரியும் கட்டும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் பல, அவற்றுக்குக் கிடைக்கும் வரிச் சலுகைகளை நம்பித்தான் வரவு செலவைச் சமாளிக்கின்றன. ராம்னியோ 2010இல் 2 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்து, 14 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வரி கட்டியிருக்கிறார். சட்டப்படி சரிதான். ஆனால் அவருடைய அப்பா ஜார்ஜ் ராம்னி, 1968 அதிபர் தேர்தலுக்காகப் போட்டியிட்டபோது 12 ஆண்டு வரிக் கணக்குகளை வெளியிட்டார். மகன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தர மாட்டேன் என்கிறார்.

அடுத்த இதழிலாவது இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள். திட்டத்தை ஆதரிப்பவர் எழுதினாலும் சரி, எந்தச் சலுகை போகும் என்பதை அவர் சொல்லட்டும்.

வாசகர்,
எடிசன், நியூஜெர்சி
ஆகஸ்ட் 2012