டிரான்ஸ் என்பது வடிவத்தின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் டிரான்ஸ் கொழுப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பேக்கரிப் பண்டங்களைப் பார்த்து வாங்கச் சொன்னது நல்ல காரியம். எண்ணெய், கொழுப்பு வகைகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியையும் சரியாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அதை 'எண்ணெயில் கலக்கப்படும் ரசாயனம்' என்று எழுதியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. முப்பது வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஆல்கீன், அதாவது கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மங்கள், பாடம் எடுத்தவள் நான். எண்ணெயில் ஏற்கெனவே இருக்கும் மூலக்கூறு ஓர் இடத்தில் திரும்பிக்கொள்வதுதான் டிரான்ஸ்.

வகுப்பில் இதற்கு நான் எடுத்துப்போவது ஈர்க்குச்சியும் களிமண்ணும். இரண்டு உருண்டைகளை ஒரு குச்சியால் இணைத்துத் திருகினால் சுலபமாகத் திரும்பும். அது ஒற்றைப் பிணைப்பு. பக்கத்திலேயே இன்னொரு குச்சியையும் செருகிவிட்டுத் திருகச் சொல்வேன். திரும்பாது. பலம் கொடுத்தால் ஒரு குச்சி 'படக்' என்று ஒடியும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தை மறப்பதில்லை. கார்பன் இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா, மற்றது பை. பை பிணைப்பு, இரு கார்பன்களையும் சேர்க்கும் கோட்டுக்கு மேலும் கீழும் எலக்ட்ரான் மேகமாக நிற்கிறது. திருகினால் அந்த மேகம் பிய்ந்துபோகும். அதைப் பிய்க்க மோலுக்கு ஏறக்குறைய 270 கிலோஜூல் வேண்டும்.

அதனால் இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் ஒட்டியிருக்கும் அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள், அதாவது தொகுதிகள், எந்தப் பக்கம் அமைந்தனவோ அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. ஒரே பக்கம் என்றால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் என்றால் டிரான்ஸ். (எல்லா ஆல்கீனுக்கும் இது கிடையாது. இரு கார்பன்களும் தலா இரண்டு வெவ்வேறு தொகுதிகளைப் பிடித்திருக்க வேண்டும். எத்திலீனுக்கும் புரோப்பீனுக்கும் அந்தப் பேச்சே இல்லை.)

இப்போது கடலை எண்ணெய்க்கு வருவோம். அதில் நிறைய இருப்பது ஒலியிக் அமிலம், கிளிசரினோடு சேர்ந்த கொழுப்பாக. அதன் 18 கார்பன் சங்கிலியின் நடுவில் ஒரு சிஸ் இரட்டைப் பிணைப்பு, அங்கே முழங்கை மாதிரி ஒரு மடிப்பு. கோணல் விறகு கட்டுக்குள் அடங்காது அல்லவா? இந்தச் சங்கிலிகளும் நெருங்கி அடுக்கி நிற்பதில்லை. ஒலியிக் அமிலம் 13 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே உருகிவிடுகிறது. அதே 18 கார்பன், அதே 34 ஹைட்ரஜன், அதே 2 ஆக்சிஜன், ஆனால் டிரான்ஸ் என்றால் அது எலைடிக் அமிலம். சங்கிலி கிட்டத்தட்ட நேராகிவிடும், உருக 44 டிகிரி சுமார் ஆகும். ஓர் அணுகூடக் கூடவில்லை, குறையவில்லை.

எப்படித் திரும்புகிறது என்பதுதான் கட்டுரையில் விட்டுப்போன பகுதி. வனஸ்பதி தயாரிக்க, நிக்கல் வினையூக்கியோடு எண்ணெய்க்குள் ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். இரட்டைப் பிணைப்பின் ஒரு கார்பனில் ஹைட்ரஜன் ஏறியதும் பை பிணைப்பு போய்விடுகிறது, சங்கிலி தாராளமாகச் சுழலலாம். இரண்டாவது ஹைட்ரஜன் ஏறுவதற்குள் முதலில் வந்த இடத்திலிருந்தே ஒன்று கழன்றுவிட்டால் இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகும். இந்த முறை பெரும்பாலும் நிலைத்தன்மை கூடிய டிரான்ஸாக. ஆகவே பாதியில் நிறுத்திய ஹைட்ரஜனேற்றத்தில்தான் இந்தத் தொல்லை. முழுவதும் ஹைட்ரஜன் ஏற்றிவிட்டால் திரும்புவதற்கு இரட்டைப் பிணைப்பே மிஞ்சாது, அது நிறைவுற்ற கொழுப்பு. மார்கழிக் குளிரில் உறையும் தேங்காய் எண்ணெயும் பெரும்பாலும் அந்த இனம்தான். உறைகிறதே, டிரான்ஸ் கொழுப்போ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அப்புறம், எண்ணெயைச் சூடாக்கினாலே எல்லாம் டிரான்ஸ் ஆகிவிடும் என்ற வரி. வாணலிச் சூட்டில் உருவாவது கொஞ்சம்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெடுதல்தான், ஆனால் அதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜனேற்றமும் அதில் வரும் சிதைவுப் பொருட்களும்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது சிஸ், டிரான்ஸ் இரண்டு சங்கிலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு சின்னப் படமாகப் போடுங்கள். பாக்கெட்டில் 'ஹைட்ரஜனேற்றம்' என்ற சொல்லுக்கு முன்னால் 'பகுதி' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
தஞ்சாவூர்