மோதிரத்தை எங்கே வைத்திருக்கிறாய்?

கண்ணு,

நேற்று வீடியோ காலில் நீ தண்ணீர் குடிக்கும்போது கையைப் பார்த்தேன். நடுவிரலில் மோதிரம் இல்லை. கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அப்பா ஃபோனை வாங்கி பாலிக் புலாவ் டுரியான் கதையை ஆரம்பித்துவிட்டார், நீயும் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். இவ்வளவு நீளமாக அனுப்பினால் நீ படிக்கமாட்டாய் என்கிறார் அப்பா. படி.

கழற்றி வைத்திருந்தால் எங்கே என்று மட்டும் சொல். ஜன்னல் ஓரத்தில் வைக்காதே, உன் அறையில் மத்தியான வெயில் நேராக விழும். செவ்வந்திக்கல் நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் வெளுத்துப்போகும், அந்தக் கத்தரிப்பூ நிறம் திரும்பி வராது. நகைப்பெட்டியில் மற்றதோடு சேர்த்தும் போடாதே. உன் கல்யாண மோதிரத்தில் இருக்கும் வைரம் உரசினால் இதில் கீறல் விழும். துணியில் சுற்றித் தனியாக வை. அழுக்கானால் சோப்புத் தண்ணீர் போதும்.

தாத்தா இதை நெருப்புக்குப் பயந்த கல் என்பார். பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் பட்டறையில் யாராவது மோதிரத்தைப் பெரிதாக்கக் கொண்டுவந்தால், முதலில் கல்லைக் கழற்றிப் பஞ்சில் வைத்துவிட்டுத்தான் பற்றுப்பொடி வைத்து நெருப்பை ஊதிப் பற்றவைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது. சூடு ஏறினால் ஊதா போய் மஞ்சளாகிவிடும். கடையில் சிட்ரின் என்று விற்கிறார்களே மஞ்சள் கல், அதில் பெரும்பாலானவை இப்படிச் சூடாக்கிய செவ்வந்திக்கல்தான். படிகத்துக்குள்ளே துளி இரும்பு, பூமிக்கடியில் எத்தனையோ காலமாகப் பட்ட கதிர்வீச்சு, இரண்டும் சேர்ந்துதான் அந்த நிறம் வருகிறது என்று நீயே படிக்கிற காலத்தில் எனக்கு விளக்கினாய். என் பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான், ஆனால் இவ்வளவு படித்த பிள்ளைக்கு வாரம் ஒருமுறை அம்மாவைக் கூப்பிடத் தெரியவில்லையே.

பணத்துக்காக எங்காவது வைத்திருந்தால் அதையும் சொல், திட்டமாட்டேன். அடகுக்கடையில் தங்கத்துக்கு மட்டும்தான் எடை போடுவார்கள், கல்லைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் மாணிக்கத்தோடும் மரகதத்தோடும் வைத்து எண்ணிய கல் இது, ஆயர்கள் மோதிரத்தில் போட்டுக்கொண்ட கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலில் வண்டி வண்டியாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகு விலை இறங்கிவிட்டது. விலை இறங்கினால் என்ன, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார், உள்ளே ஒரு சிவப்பு ஓடும். அதற்காகத்தான் தாத்தா இந்த ஒரு கல்லை யாருக்கும் விற்காமல் பிப்ரவரியில் பிறந்த பேத்திக்கு என்று எடுத்து வைத்தார். எவ்வளவு வேண்டும் என்று சொல்லு, அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன்.

தைப்பூசத்துக்கு நீ வரவில்லை. தண்ணீர்மலையில் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள், வேலை அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன். பெரியம்மா மட்டும் விடவில்லை, ஊதாக் கல் ஆகாது, அதனால்தான் பிள்ளைக்கு இப்படி என்கிறார். எப்படி என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளே ஒரு செய்தியை அனுப்பி வைத்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது, பெயரில்தான் நீலம், உண்மையில் செவ்வந்திக்கல். 1857 கலகத்தில் கான்பூர் இந்திரன் கோயிலிலிருந்து கொள்ளை போனது, வைத்திருந்தவர்களை எல்லாம் ஆட்டி வைத்தது என்று கதை. அதை வைத்திருந்த ஹெரான் ஆலன் என்பவர் பயந்துபோய் ஏழு பெட்டிக்குள் ஒன்றினுள் ஒன்றாகப் போட்டுப் பூட்டினாராம். எனக்குப் படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது. மனிதர்கள் செய்வதற்கு எல்லாம் கல்லா பொறுப்பு?

அதே இடத்தில்தான் இன்னொன்றும் போட்டிருந்தது. செவ்வந்திக்கல்லை இங்கிலீஷில் அமெதிஸ்ட் என்கிறார்களே, அந்தப் பேருக்கே போதை ஏறாதது என்றுதான் கிரேக்கத்தில் அர்த்தமாம். அந்தக் கல்லைப் போட்டிருந்தால் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாது என்று அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள். படித்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். குடிக்கிற ஆளுக்குப் போட வேண்டிய கல்லை உன் விரலில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இந்த வரியை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று எப்போது கேட்டாலும் பிஸி என்கிறாய். நானும் சரி என்று விட்டுவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்கு மறுநாள் நீ தனியாக வந்தாயே, ராத்திரி நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, "அம்மா, அவர் ராத்திரியில்" என்று ஆரம்பித்தாய். நான் குழாயை மூடவே இல்லை. ஏழரைச் சனி கண்ணு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே ஜோசியரிடம் ஓடினேன். அவர் நீலம் போடச் சொன்னார். நீலம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கவிழ்த்துவிடும் என்ற பயத்தில், நீலத்துக்குப் பதிலாக இதைப் போடலாமா என்று நானே கேட்டு, தாத்தாவின் கல்லை எடுத்து மோதிரம் கட்டி, சனிக்கிழமை மகாமாரியம்மன் கோயிலில் வைத்து உனக்குப் போட்டுவிட்டேன். நீ விரலை நீட்டினாய், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலமே உன்னைக் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்குத் தெரியும் கண்ணு. முழுதும் கேட்டுவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும், பெரியம்மா வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குப் பயந்தேன். உன்னை விட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இரண்டு வருஷமாக அந்தக் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் காதில் இருக்கிறது.

மோதிரம் போனால் போகட்டும். விற்றிருந்தாலும் சரி, கோபத்தில் எறிந்திருந்தாலும் சரி, தாத்தா ஒன்றும் நினைக்கமாட்டார். இருந்தால் வெயிலில் மட்டும் வைக்காதே.

முன் அறையைக் கூட்டி உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, அப்பா இந்தப் பக்கம் படகுத்துறையில் வந்து நிற்பார். அவர் ஒன்றும் கேட்கமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். நான் கேட்பேன். நீ சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன்.

எந்த ரயில் என்று மட்டும் அனுப்பு.

அம்மா