எந்தத் தேதி வரலாம் என்று கேட்டாயே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ போனில் கேட்டதற்கு உன் அப்பா, "வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது உனக்குப் போதாது. வலை விடுவது அவர், பரிசலைப் பிடித்து நிறுத்துவது நான். காற்று திரும்புவதும் தண்ணீர் இழுப்பதும் துடுப்புப் பிடித்த கைக்குத்தான் முதலில் தெரியும். அதனால் நானே எழுதுகிறேன்.

டிசம்பர் 20-ஆம் தேதி வந்து, இரண்டு நாள் பரிசலில் உட்கார்ந்து தூண்டில் போட்டுவிட்டு, 23-ஆம் தேதி மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்கிறாய். அப்படி வர வேண்டாம் கண்ணு. சிங்கப்பூரில் பெடோக் படகுத்துறைக்குப் போகும்போது ஓதம் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் முன்கூட்டியே அட்டவணையில் பார்த்துவிடுவோம் என்று சொன்னாய். மேட்டூர் அணைத் தண்ணீரை ஒட்டியிருக்கும் நம் நாகமறைத் துறைக்கு அப்படி ஓர் அட்டவணை யாரும் போட முடியாது. குடகில் பெய்த மழை, கர்நாடக அணைகளில் திறந்துவிட்டது, தஞ்சாவூர்ப் பக்கம் நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்பது, வங்கக்கடலில் புயல் எங்கே திரும்புகிறது என்பது, இத்தனையும் சேர்ந்துதான் நம் கரை இன்று எங்கே இருக்கும் என்று தீர்மானிக்கின்றன.

1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்கு முழு உயரம் 120 அடி. 2023 அக்டோபரில் அது 30 அடியை ஒட்டி இறங்கியது. டெல்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை அந்த மாதம் 10-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரை பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்திச் சிலை வெளியே வந்து வெயில் காய்ந்தது நினைவிருக்கும். அந்தப் பனிக்காலத்தில் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சேற்றில் வெகுதூரம் நடந்த பிறகுதான் தண்ணீரையே தொட்டோம். அடுத்த பனிக்காலம் நேர்மாறு. ஃபெஞ்சல் புயல் கிருஷ்ணகிரி மாவட்டத்தையே புரட்டிப் போட்டது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. 2024 டிசம்பர் கடைசி நாள் இரவு அணை 120 அடியைத் தொட்டது. அதே துறை, அதே மார்கழி. முந்தைய ஆண்டு மீன் கிடைத்த இடமெல்லாம் ஆழத்துக்குப் போய்விட்டது.

ஐப்பசியில் ஒகேனக்கல் வழியாகச் செம்மண் கலங்கலோடு வரத்து இருக்கும். கார்த்திகையில் மழை பிடித்தால் டெல்டாவிலும் வயல் நிரம்பிவிடும். அங்கே தண்ணீர் தேவைப்படாது, இங்கே திறப்பைக் குறைப்பார்கள், அணை ஏறும். ஏறும் தண்ணீரைக் கவனி. கோடையில் நம் ஆட்கள் ராகியும் எள்ளும் விதைத்த மேட்டு நிலம் மூழ்கும்போது புல்லும் புழுவும் தேடிப் பொடி மீன் கரைக்கு வரும், அதன் பின்னால் வாளை வரும். முழங்கால் ஆழத்தில் கூட அது வாலை அடித்துத் திரும்புவதை அந்த நாட்களில் பார்க்கலாம். மழை விட்டதும் எல்லாம் தலைகீழ். வானம் வெளுத்துப் பனி இறங்கும், டெல்டாவுக்குத் திறப்பைக் கூட்டுவார்கள், தண்ணீர் நாளுக்கு நாள் பின்வாங்கும். இறங்கும் தண்ணீரில் பெரிய மீன் கரையை நம்பாது, பழைய ஆற்றுப் போக்கின் பள்ளத்துக்குப் போய்விடும். வழக்கப்படி பாசனத் திறப்பு ஜனவரி 28-இல் முடியும். அதன் பிறகு தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்று தெளியும். என்னைக் கேட்டால், பரிசலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு அந்தத் தை மாதக் கடைசிதான் நல்லது. விடுமுறையைப் பொங்கல் முடிந்து அந்த நாட்களுக்குத் தள்ளிப் போட முடியுமா என்று பார். முடியாது, டிசம்பர்தான் என்றால் ஒரு வாரமாவது இங்கே இரு. புயல் சின்னம் ஒன்று வந்து நின்றாலே மூன்று நாள் துறையில் பரிசல் இறங்காது.

காற்றைப் பற்றி இதைவிட அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். பனிக்காலக் காற்று வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. நாம் இருப்பது அணையின் கிழக்குக் கரை. அதனால் காற்று நம் முதுகுப் பக்கம், மேட்டையும் மரங்களையும் தாண்டி வரும். துறையில் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும். நம்பிப் பரிசலை விட்டால், மேட்டின் மறைவு தாண்டியதும் அலை தொடங்கும். நடு அணைக்கு ஒன்றும் செய்யாமலே போய்விடலாம், காற்றே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வருவதுதான் பாடு. பரிசலுக்கு முனை கிடையாது, அலையைக் கிழித்துப் போக முடியாது, எதிர்க்காற்றில் துடுப்புப் போடப் போட நின்ற இடத்திலேயே சுழலும். பண்ணவாடிக் கரையில் ஒதுங்கிக் காற்று அடங்கும்வரை காத்திருந்தவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு, ஒதுங்க முடியாமல் போனவர்களும் உண்டு. ஆகவே நாம் கரையை விட்டு வெகுதூரம் போகப்போவதில்லை. துறையில் இருக்கும் வேப்பமரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரம்தான் எல்லை. அதற்குமேல் பெரிய மீன் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நான் துடுப்புப் போட மாட்டேன்.

விடியற்காலையில் போக வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். மார்கழியில் வேண்டாம். பனி மூட்டம் எட்டு மணிவரை தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கும், கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. குளிர்ந்த தண்ணீரில் மீனும் மந்தமாக இருக்கும், இரை எடுக்காது. வெயில் ஏறி, கரையோர வளைவுகளில் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு, பத்து பத்தரை மணிக்குமேல் கட்லாவும் ரோகுவும் நகரத் தொடங்கும். வாளைக்கு மாலைதான். பொழுது சாயும்போது, கலங்கல் தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேரும் கோட்டை ஒட்டியோ, பள்ளத்தின் விளிம்பை ஒட்டியோ போடு. இருட்டிய பின்னும் வாளை இரை எடுக்கும், ஆனால் நாம் அதற்கு முன் கரையில் இருக்க வேண்டும்.

நீ அங்கே நின்றுகொண்டு வீசிப் பழகியிருப்பாய். பரிசலில் நிற்கக் கூடாது. மூங்கில் பின்னலின்மேல் முட்டிபோட்டு உட்கார்ந்து, தூண்டில் கோலைத் தலைக்குமேல் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் சுண்டிவிட வேண்டும். நீ ஒரு பக்கம் என்றால் மாப்பிள்ளை எதிர்ப்பக்கம். மீன் மாட்டியதும் எழுந்திருக்கத் தோன்றும், எழாதே. பரிசல் தானாகவே மீன் இருக்கும் திசைக்குத் திரும்பும், கனமான மீன் என்றால் நம்மையே இழுத்துக்கொண்டு போகும். இழுக்கட்டும். தூண்டில் நரம்பைத் தளரவிடாமல், அறுக்கவும் விடாமல் பிடித்திரு. பரிசலின் எடையே அதைக் களைப்பாக்கிவிடும். படகில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. வாளையின் வாயில் பொடிப்பல் அரம்போல் வரிசையாக இருக்கிறது, வெறும் நரம்பு தாங்காது. முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டிக்கொண்டு வா. நீ படம் அனுப்பிய அந்தப் பிளாஸ்டிக் மீன்களில் மூன்று கொக்கி சேர்ந்த முள் இரண்டிரண்டு தொங்குகிறதே, அவற்றைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடு. பரிசலில் மூன்று பேர் நெருங்கி உட்காரும்போது அது மீனைவிட நம் தொடையைத்தான் முதலில் பிடிக்கும்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, பிலிகுண்டுலு, ராசிமணல் பக்கம் கூட்டிப்போகச் சொன்னாய். மீன் பிடிக்க அங்கே போக முடியாது. 2014-இல் அந்தக் காட்டைக் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். முதலைக்கும் நீர்நாய்க்கும் அந்த மடுக்களாவது மிஞ்சட்டும். அங்கே மகசீர் என்ற பெரிய ஆற்றுக் கெண்டை இருக்கும் என்பதற்காகத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். 1946-இல் மைசூர்ப் பக்கம் 120 பவுண்டு மகசீரைத் தூண்டிலில் பிடித்தார்கள் என்று நீ ஒரு படம் அனுப்பினாயே, 54 கிலோ, அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு திமில்போல் உயர்ந்து, துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அந்த இனம் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறு எங்கும் கிடையாது. 2018-இல்தான் அதன் அறிவியல் பெயரையே உறுதி செய்தார்கள், அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்றும் பட்டியலில் சேர்த்தார்கள். அணைகள் அதன் வழியை மறித்தன, தண்ணீரில் தோட்டா வெடி போட்டவர்கள் மடு மடுவாகக் குஞ்சோடு அழித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இன்னொரு வகை மகசீரைக் குஞ்சாக வாங்கி வந்து காவிரியில் விட்டதும் இதற்கு உதவவில்லை என்கிறார்கள்.

நம் துறைவரை அது வருவது அரிது. ஆனாலும் பெரிய செதிளோடு கெண்டை எது மாட்டினாலும், எந்த வகை என்று ஆராயாமல் விட்டுவிட வேண்டும். அதற்காகவே முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிக்கொண்டு வா, கழற்றும்போது வாய் கிழியாது. கையை நனைத்துக்கொண்டு பிடி, உலர்ந்த கை பட்டால் அதன் வழவழப்புப் போய்ப் புண் பிடிக்கும். செவுளில் விரல் விடாதே. படம் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள் வைத்தபடியே எடு. வாயைத் தண்ணீர் வரும் திசைக்குக் காட்டித் தாங்கிப் பிடித்திரு. மூச்சு சீரானதும் தானாக உதறிக்கொண்டு போகும், அதுவரை கையை எடுக்காதே. மூச்சுத் திணறிய மீனைத் தூக்கி வீசுவது விட்டது ஆகாது. வாளையும் முன்போல் இல்லை, உலக அளவில் அதையும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்த்துவிட்டார்கள். குழம்புக்கு ஒன்று போதும். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எத்தனை மாட்டினாலும் கரைக்குக் கொண்டு வா, அவை இந்த ஆற்றுக்குச் சொந்தமில்லை.

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஏரியூர் வந்துவிடு, அங்கிருந்து அப்பா கூட்டி வருவார். கம்பளி கொண்டு வா, பகலில் வெயில் காய்ந்தாலும் தண்ணீர்மேல் குளிர் எலும்பைத் தொடும். உயிர்காப்பு அங்கி நம்மிடம் இரண்டு இருக்கிறது, மூன்றாவது வாங்க வேண்டும். அது அளவுக்குச் சரியாக இல்லாவிட்டால் தண்ணீரில் கழுத்துவரை ஏறிவிடும், ஆகவே மாப்பிள்ளையின் எடையையும், அவருக்கு நீச்சல் தெரியுமா என்பதையும் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மறக்காமல் சொல்.

அன்புடன்,
அம்மா