எங்கள் போலருக்கு விளக்கேற்றித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வெள்ளிக்கிழமை இரவு அல்கொன்குவின் பூங்காவில், மின்னிணைப்பே இல்லாத ஓர் இடத்தில் நின்ற எங்கள் ட்ரெயிலருக்குள், அம்மா தானாக எழும்பி, தலைமாட்டில் இருந்த விளக்கு ஆளியை அமத்தி, செருப்பைப் பார்த்துப் போட்டுக்கொண்டு வெளியில் போய் வந்தா. என்னை எழுப்பவில்லை. காலமைதான் சொன்னா. அதைக் கேட்டதும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எழுதவேண்டும் என்று இருந்தது.

எங்களுடையது 1974ஆம் ஆண்டுப் போலர். பார்த்திராதவர்களுக்குச் சொன்னால், ரே ஒலெக்கோ என்பவர் 1968இல் வின்னிப்பெக்கில் செய்யத் தொடங்கிய 13 அடி ட்ரெயிலர் அது. மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பைபர்கிளாஸ் ஓடுகள், நடுவில் அரைஞாண் கட்டினதுபோல ஒரு மூட்டு. பவுலர் என்ற உருண்டைத் தொப்பியின் சாயலால் வந்த பெயர் என்பார்கள். எங்கள் கண்ணுக்கு அது முட்டைதான்.

முதல் நன்றி அதை எங்களுக்கு விற்ற பீற்றர்பரோப் பக்கத்து முதிய தம்பதிக்கு. சாப்பாட்டு மேசைக்கு மேலே இருந்த பழைய விளக்கின் மூடியை ஒரு கீறல்கூட விழாமல் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிவைத்திருந்து, சாவியோடு சேர்த்துக் கையில் தந்தீர்கள். இன்றைக்கு அந்த மூடிக்குள்தான் புது விளக்கு எரிகிறது.

மே மாத நீண்ட வார இறுதிக்கு முதல்முதலாகப் போனபோது, சுவரில் ஒட்டுகிற, மூன்று சின்னப் பற்றரி போடும் பொத்தான் விளக்குகளை நம்பிப் போனோம். இரவுக் குளிருக்குப் பசை விட்டுவிட்டது. விளக்கு விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட, அம்மா இருட்டில் தடவி எழும்பி, மேசை மூலையில் முழங்காலை அடித்துக்கொண்டா. 76 வயது. "இனி நான் வரேல்லைப் பிள்ளை" என்று அவ சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. இந்த வண்டியை வாங்கினதே அவவுக்காகத்தான்.

ஸ்காபரோவில் எங்கள் மூன்றாம் வீட்டு அண்ணை, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து வந்த களையோடு, அலுமாரிக்குப் பின்னால் கைவிளக்கோடு படுத்து, யாரோ எப்போதோ இழுத்த பழைய வயரை வெளியில் எடுத்தீர்கள். தலைமயிர்போல மெல்லிய கம்பி, மூன்று இடத்தில் ரேப் சுற்றின மூட்டு, பற்றரிப் பக்கம் பியூஸே இல்லை. மூட்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்படலம் பழுப்பேறி இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். "பியூஸ் லைற்றைக் காப்பாத்த இல்லைத் தங்கச்சி, வயரைக் காப்பாத்த. அதாலதான் பற்றரிக்குக் கிட்ட இருக்கவேணும்" என்றீர்கள். நான் அதுவரை பியூஸை விளக்கோடு சேர்த்துத்தான் நினைத்திருந்தேன். 12 வோல்ட்தானே, கையில் அடிக்காதே என்று அலட்சியமாகவும் இருந்தேன். கையில் அடிக்காத மின்சாரம் வயரைப் பழுக்கக் காய்ச்சும், அந்த நுரை பற்றினால் 13 அடிக்குள் ஒரே ஒரு கதவு என்று நீங்கள் சொன்ன பிறகு, பழைய வயர் முழுவதையும் கழற்றினோம். இப்போது பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 5 அம்பியர் பியூஸ், அதற்குப் பிறகு 16ஆம் இலக்கத் தடிப்புள்ள வயர்.

அண்ணையின் மகன் கணக்குப் பார்த்துத் தந்தான். பழைய வகைக் குமிழ் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை அம்பியர் இழுக்கும். இரண்டைப் போட்டால் 20 அம்பியர்-மணிப் பற்றரி ஏழு மணித்தியாலம்கூடத் தாங்காது. இரண்டரை வாட் எல்.ஈ.டி. ஐந்தையும் ஒன்றாகப் போட்டாலும் ஒரு அம்பியர்தான். அவன் சொல்லித்தான் லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி வாங்கினேன். மூன்று கிலோகூட இல்லை, அம்மாவே தூக்கி வைப்பா. உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது என்று பெட்டியின் மூடியில் தமிழில் எழுதி ஒட்டியதும் அவன்தான். பனிக்காலத்துக்கு அது வீட்டுக்குள் வந்துவிடும்.

படகு திருத்தும் ஐயாவை அந்தத் தம்பதிதான் அறிமுகப்படுத்தினார்கள். கட்டிலுக்கு மேல் விளக்கு மட்டும் எரியாமல் நான் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். காரில் செய்வதுபோல, மைனஸ் வயரை யன்னலின் அலுமினியச் சட்டத்தில் முடுக்கியிருந்தேன். தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டார்: அந்தச் சட்டம் எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது? பைபர்கிளாஸை. பைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது. காரின் இரும்பு உடம்பு செய்கிற வேலையைப் போலரின் ஓடு செய்யாது; ஒவ்வொரு விளக்கிலிருந்தும் இரண்டாவது வயரும் பற்றரி வரைக்கும் திரும்பிப் போகவேண்டும். கூரையில் ஒரு துளையும் போடாதே, துளை போட்ட இடத்தால் மழை வரும் என்றும் சொன்னார். அதனால் வயர் எல்லாம் மேல் அலுமாரிகளின் பின்மூலையால் ஓடுகிறது.

ஒளியைப் பற்றியும் சொல்லவேண்டும். அண்ணி, அது உங்கள் யோசனை. விளக்குப் பட்டியை அலுமாரிக்கு மேலே மறைத்து, கூரையைப் பார்க்க ஒட்டச் சொன்னீர்கள். 2,700 கெல்வின், மஞ்சள் சாய்ந்த நிறம். வளைந்த வெள்ளைக் கூரை அந்த ஒளியை வாங்கி முழு வண்டிக்கும் ஒரேமாதிரிப் பரப்புகிறது. குமிழ் கண்ணில் படுவதில்லை, கூரைதான் விளக்கு. வெளியில் நின்று பார்த்தால் முட்டை உள்ளிருந்து வெளிச்சமாகிற மாதிரி. நான் கொஞ்ச நேரம் மரத்தடியில் அப்படியே நின்றேன்.

அன்றைக்கு அம்மா ஒளியைக் குறைக்கும் திருகியைக் கண்டுபிடித்து, அடிமட்டத்துக்குத் திருப்பினா. கூட்டிவிட்டேன், திரும்பவும் குறைத்தா. "காணும் பிள்ளை. ஜாம் போத்தில் விளக்கிலையே உன்ரை கொண்ணன் ஓ.எல். படிச்சவன்" என்றா. யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாத, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்த வருசங்கள் அவை. பற்றரி இன்னும் நாலு இரவுக்குக் காணும் என்று கணக்குச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டா, திருகியை மட்டும் தொடவிடவில்லை. அந்தக் குறைந்த வெளிச்சத்தில் இரண்டு பேரும் பத்து மணி தாண்டியும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணை, உங்கள் வயர் நெரிக்கும் குறடு இன்னும் என்னிடம்தான். துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் கொண்டுவருகிறேன். அம்மா உங்களுக்கென்று பயத்தம் பணியாரம் சுடுகிறா, அதுவும் வரும்.

மிக்க நன்றியுடன்,
போலர் வீட்டுக்காரி