தங்கச்சிக்கு, கயிற்றைப் பற்றி

தங்கச்சி,

அப்பாவின் தோணியைக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிப்பலகை உக்கிவிட்டது, விறகுக்குத்தான் ஆகும் என்றார்கள். விலை பேசவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "ஓம் அண்ணா, சரி அண்ணா" என்று முடித்துவிடுவாய். அதனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

பத்தாம் தரத்துக்கு நியூட்டனின் மூன்றாம் விதி படிப்பிக்கும்போதெல்லாம் உன்னைத்தான் உதாரணம் சொல்வேன். பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதே. ஒரு பிள்ளை தோணியிலிருந்து துறைக்குப் பாய்கிறாள், தோணி பின்னுக்குப் போகிறது. பிள்ளையின் திணிவு 40 கிலோகிராம், தோணி 80. அவள் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் முன்னால் போனால் தோணி 1 மீற்றர் வேகத்தில் பின்னால் போகும். திணிவை வேகத்தால் பெருக்கினால் வருகிற உந்தம் இரண்டு பக்கமும் 80 தான், திசை மட்டும் எதிர். காலால் உதைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தோணி எடுத்துக்கொள்ளும். அதனால் தரையில் பாய்கிற தூரம் அங்கே பாய முடியாது. எத்தனையோ வருடமாக இந்தக் கணக்கைப் போடுகிறேன். இந்த முறை பின்வாங்கில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "சேர், தோணியக் கட்டல்லயா?"

கட்டவில்லை. கயிறு என் கையில் இருந்தது.

நீ அணியத்தில் நின்றாய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் துறைக்கல்லில். வாவி அசையாமல் கிடந்தது, கண்ணாப் பற்றைக்குள் ஒரு கொக்கு. "பாயவா அண்ணா?" என்றாய். அன்று காலைதான் ரியூசனில் மூன்றாம் விதி படித்திருந்தேன். தோணி உண்மையாகவே பின்னுக்குப் போகுமா என்று பார்க்க ஆசை. கையைத் திறந்தேன். நார்க்கயிறு தண்ணீரில் விழுந்த சத்தம் நீ பாய முன்னமே கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோணி போனது. புத்தகத்தில் இருந்தமாதிரியே போனது. நான் உன்னைப் பார்க்கவில்லை, தோணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லில் உன் நாடி அடிபட்ட பிறகுதான் திரும்பினேன்.

அப்பாவிடம் கயிறு வழுக்கிவிட்டது என்றேன்.

ஆனால் நீ இன்றுவரை "அண்ணா தள்ளிவிட்டார்" என்று சொல்லித் திரிகிறாயே, அது பிழை. நீ தோணியைத் தள்ளினாய், தோணி உன்னைத் தள்ளியது. நான் கொடுக்கவேண்டிய விசையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நியூட்டன் 1687 இல் இந்த விதிக்குச் சொன்ன உதாரணத்திலும் ஒரு கயிறு இருக்கிறது. குதிரை கல்லைக் கட்டி இழுக்கிறது, கல்லும் அதே அளவு குதிரையைப் பின்னுக்கு இழுக்கிறது. கயிற்றை விட்டவனைப் பற்றி அந்த மனிசன் ஒன்றும் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள். அந்தப் பல்லுக்கும், நாடித் தழும்புக்கும். கலியாணப் பேச்சில் அந்தப் பல்லைப்பற்றி வந்த கதையை இங்கே எழுதமாட்டேன், மாமியும் வாசிப்பார்.

ஆனால் அப்பா மூன்று மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தபோது, நீ அவருடைய மடியில் இருந்து கஞ்சி குடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அதையும் நான் மறக்கவில்லை. அரைப்பல் சிரிப்பு. வடிவாகத்தான் இருந்தது.

வீடு பெண்பிள்ளைக்கு என்பது நம்முடைய ஊர் வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. எனக்குத் தோணி வந்தது, அது இப்போது ஆருடையோ அடுப்படியில். நீ அங்கே இருக்க, உன் வீட்டு முற்றத்தைக் கூட்டுவது நான். மாரிக்கு முதல் கூரையில் ஏறவேண்டும், குசினிப் பக்கம் நாற்பது ஓடாவது மாற்ற வேண்டியிருக்கிறது. காசு அனுப்பு. ஏறும்போது ஏணியைப் பிடிக்க ஆளும் இல்லை.

அண்ணா