கித்தார் வாசிக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

டெப்பஷ் மோட் இசைக்குழுவிடமிருந்து சிந்தசைசர்களை, அதாவது மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவிகளை, பிடுங்கிவிட்டால் பாட்டு என்று எதுவும் மிஞ்சாது என்று சென்ற வாரம் சொன்னாய். அது உண்மையா என்று பார்க்கும் வேலையை 1998-இலேயே சிலர் செய்துவிட்டார்கள். 'ஃபார் தி மாஸஸ்' என்ற அந்த அஞ்சலி ஆல்பத்தில் 16 குழுக்கள், ஆளுக்கொன்றாக, இந்த ஆங்கிலேயக் குழுவின் பாடல்களைத் தங்கள் வழியில் பாடியிருக்கின்றன. அவற்றில் சில மின்னணு இசைக் குழுக்களே என்பதால், நம் வழக்குக்கு உதவாத அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் பாட்டு ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு பாடிய 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்'. 1988 ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் அரங்கில் 60,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, டெப்பஷ் மோட் பாடிய இந்தப் பாட்டுக்குக் கூட்டம் முழுவதும் கைகளை உயர்த்தி நெற்கதிர் போல அசைந்தது. அப்படி ஓர் அரங்கையே நிறைத்த பாட்டை, பம்ப்கின்ஸின் பாடகர் பில்லி கார்கன் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலத் தாழ்ந்த குரலில் தொடங்குகிறார். முரசு போன்ற அந்தத் தாளம் விலகியதும், நண்பனை நம்பிப் புறப்பட்டவனின் அச்சம் எனக்கு முதன்முறையாகக் காதில் விழுந்தது.

ராம்ஸ்டைன் என்ற ஜெர்மானிய ராக் குழு பாடிய 'ஸ்ட்ரிப்டு' பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1986-இல் வந்த மூலத்தின் அடியில் உறுமிக்கொண்டே இருப்பது மேளமன்று. நின்ற இடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சத்தத்தைப் பதிவு செய்து, சுருதியைத் தாழ்த்தி, அதையே தாளமாக்கியிருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அதன் ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாக எண்ணலாம். அந்த எஞ்சின் இருந்த இடத்தில் ராம்ஸ்டைன் கித்தார்களின் உறுமலை வைத்தது, பாட்டு குலையவில்லை. பெர்லின் சுவரின் மேற்குப் பக்கம், ஹான்சா ஒலிப்பதிவுக்கூடத்தில் முழுமை பெற்ற பாட்டு அது; கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள் அதைப் பாடுகிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். ஆனால் அதன் காணொளிக்கு 1936 ஒலிம்பிக் பற்றி நாஜி ஆட்சிக்காகப் படமெடுத்த லெனி ரீஃபென்ஸ்டாலின் படத்தின் காட்சிகளைப் பயன்படுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. நீ பாட்டை மட்டும் கேள்.

'என்ஜாய் தி சைலன்ஸ்' பாட்டை ஃபெய்லியர் குழு கனத்த கித்தார்களோடு பாடியிருக்கிறது. ஆல்பம் வெளிவருவதற்குள் அந்தக் குழுவே கலைந்துவிட்டது என்பது தனித் துயரம். இந்தப் பாட்டை டெப்பஷ் மோடின் பாடலாசிரியர் மார்ட்டின் கோர் முதலில் எழுதியபோது அதில் துள்ளும் தாளம் எதுவும் கிடையாது. தம் குரலையும் ஓர் ஆர்மோனியத்தையும் மட்டும் வைத்து, மெதுவான பாட்டாகத்தான் பதிவு செய்திருந்தார். வேகத்தைக் கூட்டலாம் என்று அப்போது குழுவில் இருந்த ஆலன் வைல்டர் சொன்னபோது கோர் எளிதில் இசையவில்லை. ஆகவே, நீ இயந்திரத்தின் பிள்ளை என்று நினைத்த பாட்டு, இயந்திரம் வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது.

அப்பாவின் ஆர்மோனியம் இன்னும் நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. அதைத் துடைத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கித்தாரோடு வா; கோர் முதலில் நினைத்த அந்த வேகத்திலேயே வாசித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்