வென்ஃப்ளான் கைக்கு ஒரு பொங்கல் பானை

அன்புள்ள செல்வி,

உன் கடிதமும் காதுகுத்துப் படங்களும் வந்து சேர்ந்தன. பேரனுக்கு அப்படியே உன் மூக்கு, பாவம். சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பொங்கல் கைவேலை நடத்த உங்கள் குடியிருப்புப் பெண்கள் போட்ட பட்டியலில் பச்சைக் களிமண், கோலப்பொடி, மஞ்சள் கொத்து, ஜிகினா, பலூன் எல்லாம் இருக்கிறது. ஒன்றுவிடாமல் அடித்துவிடு. கீமோ ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ‘கவுன்ட் குறைஞ்சிருக்கு’ என்று அம்மாக்கள் சொல்வது இதைத்தான். அதில் கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் அணுக்கள் 500க்குக் கீழே போய்விட்டால், நம்மை ஒன்றும் செய்யாத மண் பூஞ்சைகூட அந்தக் குழந்தையின் நுரையீரலில் இறங்கிவிடும். மஞ்சள் கொத்து வேரோடும் மண்ணோடும்தான் வரும். கோலப்பொடியும் ஜிகினாவும் தூசியாகப் பறக்கும், கண்ணில் விழும். களிமண்ணுக்குப் பதில் மைதா மாவு பிசையலாமே என்று யாராவது கிளம்புவார்கள். ஈரமும் பல கைகளும் பட்ட மாவும் பூஞ்சைக்கு விருந்துதான். பலூனில் ரப்பர் ஒவ்வாமை, தொண்டையில் சிக்கும் அபாயம் இரண்டும் உண்டு.

பூ விஷயத்தை நீதான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தலையில் மல்லிகையோடு, சென்ட் போட்டு, பட்டுப்புடவை முந்தானை கட்டில்மேல் புரள யாரும் வரக்கூடாது. கீமோ குமட்டலில் இருக்கும் பிள்ளைக்கு மல்லிகை வாசனையே போதும், வாந்தி வர. வளையல், மோதிரம் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவட்டும். சளி, காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும்; வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சின்னம்மை வராதவர், அதற்குத் தடுப்பூசி போடாதவர் யாராவது அம்மை கண்ட வீட்டுக்குப் போய் வந்திருந்தால் 21 நாள் வார்டுப் பக்கமே வேண்டாம்.

கத்தரிக்கோல் யாருக்குமே வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைந்த குழந்தைக்குச் சின்னக் கீறலும் நிற்காமல் கசியும். ஒருத்திக்கு மட்டும் ‘உனக்குக் கிடையாது’ என்று சொல்வதைவிட, எல்லாத் துண்டையும் நாமே வெட்டிக்கொண்டு போவது நல்லது. ஸ்டேப்ளரும் குண்டூசியும் இதே கணக்குதான்.

அந்தப் பட்டியலுக்குப் பதில் ஒரு பொங்கல் அட்டை ஒட்ட வைக்கலாம். அது இப்படி. அடியில் ஏ5 அளவு கெட்டி அட்டை. பழுப்புத் தாளில் 12 செ.மீ. அகலப் பானை ஒன்று. ஊதாத் தாளில் 1.5 செ.மீ. அகலம், 18 செ.மீ. நீளத்தில் இரண்டு கரும்பு. கணுவைக் குழந்தை ஸ்கெட்ச் பேனாவால் போடட்டும். தோகைக்கு ஆறு பச்சைப் பட்டை. பொங்கி வழியும் நுரைக்கு 4 செ.மீ. சதுர வெள்ளை டிஷ்யூ பன்னிரண்டு. அதைக் கசக்கி உருண்டையாக்குவதில்தான் பிள்ளைகளுக்கு உண்மையான சந்தோஷம், வலுவில்லாத விரலுக்கும் அது முடிகிற வேலை. கூடவே மஞ்சள் தாளில் ஒரு பட்டம். வேலூரிலும் சென்னையிலும் பெரிய மருத்துவமனைகளில் ஆந்திரப் பிள்ளைகள், வங்காளப் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கும் அப்போது சங்கராந்திதான், ஆனால் பானை தெரிய வேண்டும் என்பதில்லை. பாதி ஒட்டியது, முக்கால் ஒட்டியது, முடிந்தது என மூன்று மாதிரி கையில் இருந்தால் மொழியே தேவைப்படாது.

சொதப்புவது ஒட்டுவதில்தான். க்ளூ ஸ்டிக்கில் டிஷ்யூ உருண்டை நிற்காது, உதிர்ந்துவிடும். வெள்ளைப் பசை காய நேரமாகும், விரிப்பிலும் வழியும். சூட்டுப் பசை பக்கமே போகாதே. 12 மி.மீ. இருபக்க டேப்பைப் பானை வாய்க்கு இரண்டு வரிசை, மற்றத் துண்டுகளுக்கு ஒவ்வொன்று என முன்கூட்டியே ஒட்டிவிடு. மறக்காமல் மேல்தாளின் மூலையை அரை செ.மீ. மடித்துத் தூக்கி வை. லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் போடும் வின்கிறிஸ்டின் மருந்து விரல் நரம்பை மரக்கச் செய்யும். மூலை மடிக்காத டேப்பைச் சுரண்டிச் சுரண்டியே பிள்ளை அழுதுவிடும். ஸ்கெட்ச் பேனாவிலும் பேப்பர் டேப் நாலு சுற்று சுற்றித் தடிமனாக்கு. வாசனை வரும் மார்க்கர் கூடாது.

மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகி வைக்கும் சின்னக் குழாய், அதுதான் வென்ஃப்ளான், பாதிப் பேருக்கு எழுதும் கையில்தான் இருக்கும். ஒரு கையால் தாளைப் பிடிக்க முடியாது, ஃபேன் காற்று வேறு. அதனால் அட்டையைக் கிளிப் போர்டில் பிடித்துக் கொடு. முதுகில் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கும் அது உதவும். முடித்ததை டிரிப் ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி அடம்பிடிப்பார்கள். மாட்டலாம், மருந்து ஏற்றும் பம்பின் திரையையும் மருந்து லேபிளையும் மறைக்காமல்.

25 குழந்தைகள் என்றால், துண்டுகளும் பேனாவும் போட்ட 35 பை தயார் செய். கூட வந்த தம்பி தங்கைகள் உண்டு, தனி அறையில் இருப்பவர்கள் உண்டு. தனி அறைக்கு நாம் போக வேண்டாம். துடைக்கிற மாதிரி பிளாஸ்டிக் ஜிப் கவரில் சிஸ்டரிடம் கொடுத்தால் அவர் துடைத்துக் கொண்டுபோவார். ஒரு பையில் தொட்ட பேனாவை அடுத்த குழந்தைக்குக் கொடுக்காதே, திரும்பவும் வாங்காதே. உங்களில் எட்டுப் பேருக்கு மேல் உள்ளே வேண்டாம். காலையில் ரவுண்ட்ஸும் ஊசியும் நடக்கும், மயக்க மருந்துக்காகப் பட்டினி கிடக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். பிற்பகல் மூன்றரைக்கு மேல் நேரம் கேள். சர்க்கரைப் பொங்கல் தூக்கு வாளி உள்ளே நுழையவே கூடாது. பொங்கலன்றே வைக்காதே, அன்று ஊழியர்கள் குறைவு, போகி புகை ஊரெல்லாம் இருக்கும், போக முடிகிற குழந்தைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். நாலைந்து நாள் முன்னால் வை.

போட்டியும் பரிசும் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரி. ஊசிக்கும் மாத்திரைக்கும் ‘வேண்டாம்’ சொல்ல முடியாத பிள்ளைகள் இவர்கள். உங்கள் அட்டைக்காவது சொல்லட்டும். ஸ்டீராய்டு போகும் வாரத்தில் காரணமில்லாமல் சிடுசிடுப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடு, ராத்திரி அம்மாவோடு ஒட்டுவார்கள். ‘எப்போ வந்தது?’, ‘முடி எப்போ முளைக்கும்?’, ‘சீக்கிரம் சரியாயிடும்’ மூன்றும் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. பானைக்கு என்ன நிறம் என்று கேட்டால் போதும், பேச்சு தானாக ஓடும். படம் எடுப்பதற்குப் பெற்றோர், சிஸ்டர், குழந்தை மூவரும் சம்மதிக்க வேண்டும்.

மாதிரி அட்டை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், பின்பக்கம் அளவுகள் எழுதியிருக்கிறேன். பானையின் கழுத்தை மட்டும் ஒரு செ.மீ. அகலமாக்கிக்கொள், இதில் நுரை நிற்க இடம் போதவில்லை.

அன்புடன்,
வசந்தா